டிவிடெண்ட்: யார் பாக்கெட்டிலிருந்து யார் பாக்கெட்டுக்கு?

‘சும்மா உட்கார்ந்துக்கிட்டே வருமானம்’, ‘இந்த 5 பங்கு வாங்கினா வாழ்நாள் முழுக்க டிவிடெண்ட்’. இந்த மாதிரி தலைப்போட ஒரு வீடியோவாவது உங்க ஃபோன்ல வந்து விழுந்திருக்கும். ஹாஸ்டல்ல ஒருத்தர் டீமேட் கணக்கு திறந்தா போதும், அடுத்த வாரமே அந்த விங் முழுக்க பங்குச்சந்தைப் பேச்சுதான். அதுல அதிகம் பேர் தொடங்குற இடம் டிவிடெண்ட். விலை ஏறுமா இறங்குமான்னு தெரியாது, ஆனா டிவிடெண்ட் நிச்சயமா வரும், அதனால இது ‘சேஃப்’ என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில பாதி சரி. மீதிப் பாதி தெரியாம பணம் போட்டா, ஸ்டைபெண்ட்ல மிச்சம் பிடிச்ச காசோ முதல் சம்பளமோ மாட்டிக்கும். அந்த மீதிப் பாதியைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம். கீழே வரும் நிறுவனப் பெயர்கள் எல்லாம் விளக்கத்துக்காக மட்டும்தான். வாங்கச் சொல்லும் பரிந்துரையும் இல்லை, விற்கச் சொல்லும் பரிந்துரையும் இல்லை.

முதல்ல அடிப்படை

ஒரு நிறுவனம் லாபம் சம்பாதிக்குது. அந்த லாபத்தை வச்சு புது ஃபேக்டரி கட்டலாம், கடனை அடைக்கலாம், பேங்க்ல போட்டு வைக்கலாம், இல்லை பங்குதாரர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கலாம். இப்படிப் பிரிச்சுக் கொடுப்பதுதான் டிவிடெண்ட், தமிழ்ல ஈவுத்தொகை. ஒரு பங்குக்கு இத்தனை ரூபாய்னு அறிவிப்பாங்க. உங்ககிட்ட 20 பங்கு இருந்து, பங்குக்கு 5 ரூபாய் அறிவிச்சா, 100 ரூபாய் உங்க பேங்க் கணக்குக்கு வரும்.

வருஷ நடுவுல கொடுத்தா அது இடைக்கால டிவிடெண்ட். இதை இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். வருஷம் முடிஞ்சு கொடுக்கும் இறுதி டிவிடெண்டுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்துல பங்குதாரர்கள் ஒப்புதல் தரணும். எப்போதாவது ஒரு முறை கூடுதலா கொடுத்தா அது சிறப்பு டிவிடெண்ட்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: டிவிடெண்ட் கொடுத்தே ஆகணும்னு எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் கிடையாது. எஃப்.டி. வட்டி பேங்க் உங்களுக்குத் தர வேண்டிய கடன். டிவிடெண்ட் அப்படி இல்லை. 2020-ல் கொரோனா வந்தப்போ, 2019-20 நிதியாண்டு லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கே தடை போட்டது. லாபம் ஈட்டிய வங்கிகளும் கொடுக்க முடியலை.

2000 சதவீதமா? முகமதிப்பைப் பாருங்க

‘2000% டிவிடெண்ட் அறிவிப்பு’ன்னு செய்தி பார்த்தா கண்ணு விரியும். ஆனா அந்தச் சதவீதம் பங்கின் சந்தை விலை மேல போட்ட கணக்கு இல்லை. முகமதிப்பு மேல போட்டது. முகமதிப்புங்கிறது நிறுவனத்தின் ஆவணத்துல பங்குக்கு எழுதி வச்சிருக்கும் 1, 2, 5, 10 ரூபாய் மாதிரியான ஒரு எண்.

நம்ம சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தையே எடுத்துக்கலாம். 2023-24-ல் பங்குக்கு மொத்தம் 200 ரூபாய் டிவிடெண்ட். முகமதிப்பு 10 ரூபாய், அதனால 2000%. ஆனா அந்தப் பங்கு 2023 ஜூன்லயே ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிடுச்சு. ஒரு லட்சம் ரூபாய்க்கு 200 ரூபாய்னா 0.2%. சேமிப்புக் கணக்கு வட்டியே இதைவிட ஜாஸ்தி. எம்.ஆர்.எஃப். மோசமான நிறுவனம்னு இதுக்கு அர்த்தம் இல்லை. அந்தப் பங்கை யாரும் டிவிடெண்டுக்காக வாங்குறதில்லை, அவ்வளவுதான்.

நீங்க பார்க்க வேண்டிய எண் டிவிடெண்ட் யீல்டு. ஒரு வருஷ டிவிடெண்டை இன்றைய விலையால வகுத்து நூறால பெருக்கினா வருவது.

ஓசிப் பணம் கிடையாது: மஜெஸ்கோ கதை

டிவிடெண்ட் பத்தின மிகப்பெரிய தப்புக் கணக்கு, அது பங்கு விலைக்கு மேல கூடுதலா கிடைக்கும் பணம் என்பது. இதை உடைக்க மஜெஸ்கோவைவிட நல்ல உதாரணம் இந்தியச் சந்தையில இல்லை.

மஜெஸ்கோ காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்த நிறுவனம். 2020-ல் தன் அமெரிக்கத் துணை நிறுவனத்துல இருந்த பங்குகளை வித்தது. அதுல வந்த பணத்தைப் பங்குதாரர்களுக்குக் கொடுக்க முடிவு செஞ்சு, அந்த டிசம்பர்ல பங்குக்கு 974 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அறிவிச்சது. முகமதிப்பு 5 ரூபாய்; அதாவது 19,480%! பங்கு அப்போ ஆயிரம் ரூபாயை ஒட்டி வர்த்தகமாகிட்டு இருந்தது. டிவிடெண்ட் உரிமை பிரிஞ்ச நாள் வந்ததும் விலை 20 ரூபாய்க்கும் கீழே விழுந்தது.

யாராவது ஏமாத்திட்டாங்களா? இல்லை. நிறுவனத்துக்குள்ள இருந்த பணம் வெளியே போயிடுச்சு, அதனால நிறுவனத்தின் மதிப்பும் அந்த அளவு குறைஞ்சது. ஓவர்ஹெட் டேங்க்ல இருந்து ஒரு பக்கெட் தண்ணி பிடிச்சா டேங்க் மட்டம் இறங்கத்தானே செய்யும்? டேங்கும் உங்களுதுதான், பக்கெட்டும் உங்களுதுதான்.

சாதாரண டிவிடெண்ட்லயும் இதேதான் நடக்குது. 200 ரூபாய் பங்கு 4 ரூபாய் கொடுத்தா, அந்த நாள் விலை சுமார் 196-ல தொடங்கும். அன்றைய சந்தை ஏற்ற இறக்கத்துல அது கண்ணுக்குத் தெரியாம கலந்துடும். மஜெஸ்கோல மறைக்க முடியாத அளவுக்குப் பெருசா இருந்தது.

மியூச்சுவல் ஃபண்ட்லயும் இதே குழப்பம் இருந்தது. ‘டிவிடெண்ட் ஆப்ஷன்’னு பேர் இருந்ததால, கூடுதலா ஏதோ தர்றாங்கன்னு மக்கள் நினைச்சாங்க. 2021 ஏப்ரல் 1 முதல் செபி அந்தப் பேரையே மாத்திடுச்சு. இப்போ அது ‘வருமான விநியோகம் மற்றும் மூலதனம் திரும்பப் பெறுதல்’, சுருக்கமா ஐ.டி.சி.டபிள்யூ. உங்க பணமும் அதுல சேர்ந்தே திரும்பி வருதுன்னு பேர்லயே எழுதிட்டாங்க.

எந்தத் தேதிக்குள்ள வாங்கணும்?

நிறுவனம் ஒரு ‘ரெக்கார்டு தேதி’ அறிவிக்கும். அந்த நாள் முடிவுல யார் டீமேட் கணக்குல பங்கு இருக்கோ அவங்களுக்குத்தான் டிவிடெண்ட். இந்தியாவுல 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளும் ‘டி பிளஸ் ஒன்’ முறையில, அதாவது வாங்கின அடுத்த வேலைநாள்ல கணக்குக்கு வருது. அதனால ரெக்கார்டு தேதி வெள்ளிக்கிழமைன்னா வியாழக்கிழமைக்குள்ள வாங்கியிருக்கணும். வெள்ளிக்கிழமை வாங்கினா கிடையாது. அந்த வெள்ளிக்கிழமைதான் ‘எக்ஸ் டேட்’.

‘அப்போ வியாழன் வாங்கி, வெள்ளி வித்து, டிவிடெண்டை மட்டும் எடுத்துக்கலாமே?’ நியாயமான கேள்விதான். பதில் மேலேயே இருக்கு: வெள்ளிக்கிழமை விலை அந்த அளவு குறைஞ்சுதான் தொடங்கும். அதோட வாங்கவும் விற்கவும் 0.1% பங்குப் பரிவர்த்தனை வரி, வாங்கும்போது முத்திரைக் கட்டணம், விற்கும்போது டீமேட் கட்டணம். சின்ன முதலீட்டுல இதுவே டிவிடெண்டை முழுங்கிடும். இதுக்கு மேல, கிடைச்ச டிவிடெண்ட் உங்க வருமானமா கணக்காகும். பங்கு விற்றதுல வந்த நஷ்டத்தையோ சம்பள வருமானத்துல கழிக்க முடியாது.

பணம், டீமேட்டோட இணைச்ச பேங்க் கணக்குக்கு நேரா வரும். ட்ரேடிங் ஆப்ல தேடாதீங்க, அங்க இருக்காது. அறிவிச்ச 30 நாளுக்குள்ள கொடுக்கணும்னு கம்பெனிச் சட்டம் சொல்லுது. காலேஜ் முடிஞ்சதும் பேங்க் கணக்கை மாத்துறவங்க, டீமேட்லயும் மறக்காம மாத்திடுங்க. கேட்பாரில்லாம 7 வருஷம் கிடந்தா அந்தப் பணம் அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிடும். திரும்ப வாங்கலாம், ஆனா அலைச்சல்.

யீல்டு ஒரு பின்னம்

யீல்டு 10%னு பார்த்தா உடனே சந்தோஷப்படாதீங்க. அது ஒரு பின்னம். மேல இருப்பது டிவிடெண்ட், கீழ இருப்பது விலை. டிவிடெண்ட் ஏறினாலும் யீல்டு ஏறும், விலை சரிஞ்சாலும் யீல்டு ஏறும். எதனால ஏறுச்சுங்கிறதுதான் கேள்வி.

கோல் இந்தியாவைப் பாருங்க. 2010-ல் 245 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டாங்க. நல்லா டிவிடெண்ட் கொடுக்கும் அரசு நிறுவனம், கொடுக்கவும் செஞ்சது. அடுத்த பத்து வருஷத்துல பங்குக்கு மொத்தம் 160 ரூபாய்க்கு மேல கொடுத்திருக்கு. ஆனா 2020 அக்டோபர்ல பங்கு விலை 120 ரூபாய்க்கும் கீழே. டிவிடெண்டையும் விலையையும் கூட்டினா, பத்து வருஷத்துல 245 ரூபாய் சுமார் 280 ஆகியிருக்கு. எஃப்.டி. போட்டிருந்தா தூங்கிக்கிட்டே இதைவிட அதிகம் கிடைச்சிருக்கும். டிவிடெண்டும் ஒரே சீராக இல்லை: 2015-16-ல் 27.40 ரூபாய், 2019-20-ல் 12 ரூபாய்.

இப்போ மறுபக்கம். 2020 அக்டோபர்ல அந்த 120 ரூபாய்க்கு வாங்கினவருக்கு 2020-21-ல் 16, அடுத்த வருஷம் 17, பிறகு 24.25, பிறகு 25.50 ரூபாய். நாலு நிதியாண்டு டிவிடெண்டே 80 ரூபாயைத் தாண்டிடுச்சு. 2024-ல் விலையும் 400-ஐத் தாண்டியது. அதே நிறுவனம், அதே நிலக்கரிதான். வாங்கின விலைதான் வேற. ஆக, ‘நல்ல டிவிடெண்ட் பங்கு’ன்னு சொல்லிட்டு விலையைச் சொல்லாம விட்டா அது பாதிக் கணக்கு.

பணம் எங்கிருந்து வருது?

இதுதான் இந்தக் கட்டுரையில முக்கியமான பகுதி. டேங்க்ல இருந்து எவ்வளவு தண்ணி பிடிக்கிறாங்கன்னு மட்டும் பார்த்தா பத்தாது. மோட்டார் எவ்வளவு ஏத்துதுன்னும் பார்க்கணும்.

2022-23-ல் வேதாந்தா நிறுவனம் பங்குக்கு மொத்தம் 101.50 ரூபாய் கொடுத்தது. 2023 மார்ச் இறுதியில பங்கு விலை 280-ஐ ஒட்டி. யீல்டு 35 சதவீதத்துக்கும் மேல! ஸ்கிரீனர்ல ‘அதிக யீல்டு’ன்னு வரிசைப்படுத்தினா முதல் பக்கத்துலயே நிக்கும். இப்போ மோட்டாரைப் பாருங்க. அந்த ஆண்டு பங்குதாரர்களுக்கு உரிய நிகர லாபம் சுமார் 10,500 கோடி ரூபாய். டிவிடெண்டா வெளியே போனது சுமார் 37,700 கோடி. லாபத்தைப் போல மூணு மடங்குக்கும் மேல. நிறுவனத்தின் நிகரக் கடன் அதே ஒரு வருஷத்துல சுமார் 21,000 கோடியிலிருந்து சுமார் 45,000 கோடி ஆச்சு. பெரும்பான்மைப் பங்கு வச்சிருந்த தாய் நிறுவனத்துக்குப் பெரிய கடன் சுமை; துணை நிறுவனத்தின் பணம் அங்கே போய்ச் சேர சட்டப்படியான நேர்வழி டிவிடெண்ட்தான்.

அடுத்த வருஷம் டிவிடெண்ட் 29.50 ரூபாய். யாரும் வாக்கு மீறலை, ஏன்னா யாரும் வாக்கே கொடுக்கலை. 35% தொடரும்னு நினைச்சது வாங்கினவங்கதான். பங்கு விலை பிற்பாடு ஏறவும் செஞ்சது. ஆனா டிவிடெண்டை நம்பி வாங்கினவர் போட்ட கணக்கு அது இல்லையே.

இதுக்குத்தான் ‘பே-அவுட் விகிதம்’ பார்க்கணும். லாபத்துல எத்தனை சதவீதம் டிவிடெண்டா போகுதுங்கிறது அது. ஐ.டி.சி. 2023-24-ல் பங்குக்கு 13.75 ரூபாய் கொடுத்தது. அது அந்த வருஷத் தனி நிறுவன லாபத்துல சுமார் 84%. இது உயர்ந்த விகிதம்தான், ஆனா பணம் கைக்கு வரும் தொழில், பெரிய கடன் இல்லை, அதனால தாங்குது. இதே 84 சதவீதத்தை, வருஷா வருஷம் புது ஆலை கட்ட வேண்டிய நிறுவனம் கொடுத்தா சந்தேகப்படணும்.

ஐ.டி.சி.யிலயே இன்னொரு பாடமும் இருக்கு. 2022-23-ல் 15.50 ரூபாய், அடுத்த வருஷம் 13.75. குறைஞ்சிடுச்சுன்னு தோணும். ஆனா அந்த 15.50-ல் 2.75 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட். அதைக் கழிச்சா 12.75, அப்போ 13.75 என்பது ஏற்றம். யீல்டு கணக்கு போடும்போது சிறப்பு டிவிடெண்டைத் தனியா எடுத்து வச்சிடுங்க.

வரி

2020 மார்ச் வரைக்கும் நிறுவனமே டிவிடெண்ட் விநியோக வரி கட்டிடும். 2020 ஏப்ரல் 1 முதல் அது போயிடுச்சு. இப்போ டிவிடெண்ட் உங்க வருமானத்தோட சேர்ந்து, உங்க வரி அடுக்குப்படி வரி. ஒரு நிறுவனத்திடமிருந்து வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல வந்தா 10% பிடிச்சுக்கிட்டுத்தான் தருவாங்க. 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000-ஆக இருந்தது. மாணவர்கள் பலருக்கு வரி கட்டும் அளவு வருமானமே இருக்காது. அப்படியும் பிடிச்சிருந்தா ரிட்டர்ன் தாக்கல் செஞ்சு திரும்ப வாங்கிக்கலாம்.

வேலைக்குப் போன பிறகு கதை வேற. 30% அடுக்குல இருப்பவருக்கு 3% யீல்டு, வரி போக சுமார் 2 சதவீதம்தான். வரி பிடிக்கலைன்னா கணக்குல காட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்லை. சின்னத் தொகையா இருந்தாலும் வருமான வரித் துறையின் உங்க வருடாந்திரத் தகவல் அறிக்கையில அது ஏறியிருக்கும்.

சரி, உங்க பத்தாயிரத்துக்கு என்ன ஆகும்?

10,000 ரூபாய் போடுறீங்க. யீல்டு 3%. வருஷத்துக்கு 300 ரூபாய். இதை வச்சு யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது. டீமேட் பராமரிப்புக் கட்டணமே அதுல பாதியைத் தின்னலாம். மாசம் 10,000 ரூபாய் டிவிடெண்ட் வேணும்னா 3 சதவீதத்துல 40 லட்சம் முதலீடு வேணும். வீடியோவுல சொல்லாம விட்ட எண் இதுதான்.

அப்போ எதுக்கு? டிவிடெண்ட் வளரும் என்பதுக்காக. லாபம் வளரும் நிறுவனம் டிவிடெண்டை வருஷத்துக்கு 10% கூட்டிக்கிட்டே போனா, ஏழு வருஷத்துல அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இன்னைக்கு 3% யீல்டுல வாங்கினது, நீங்க போட்ட காசுக்கு 6% தரும். எஃப்.டி. வட்டி அப்படி வளராது. ஆனா அந்த வளர்ச்சிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் எதுவும் கிடையாது.

இன்னொண்ணு, இதைச் சொல்லாம விட முடியாது. உங்க பேர்ல கல்விக் கடன் ஓடுதா? வட்டி பெரும்பாலும் 9 முதல் 12 சதவீதம் வரைக்கும் இருக்கும். 3% டிவிடெண்டுக்காகப் பத்தாயிரம் போட்டுட்டு, அந்தப் பக்கம் 10% வட்டி ஏறிக்கிட்டே இருக்க விட்டா அது முதலீடு கிடையாது. கடனைக் கட்டுறது 10% நிச்சய வருமானத்துக்குச் சமம். முதல் சம்பளம் வந்ததும் முதல்ல மூணு மாசச் செலவுக்குக் கையிருப்பு, அப்புறம் கடன், அப்புறம் பங்கு. லோன் ஆப்ல கடன் வாங்கிப் பங்கு வாங்குற யோசனை இருந்தா, இந்தப் பக்கத்தை மூடிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, யோசனை மாறிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. கடந்த 10 வருஷத்துல டிவிடெண்ட் எப்படிப் போயிருக்கு? எத்தனை முறை குறைஞ்சது, ஏன்? என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்கள்ல நிறுவனத்தின் பக்கத்துல இந்தப் பட்டியல் இலவசமா கிடைக்கும்.

2. பே-அவுட் விகிதம் என்ன? 100-ஐத் தாண்டினா நிறுத்தி யோசிங்க.

3. ஆண்டறிக்கையின் பணப்புழக்கப் பட்டியல்ல, தொழில்ல இருந்து வந்த பணத்துல மூலதனச் செலவு போக மிச்சம் டிவிடெண்டை விட அதிகமா இருக்கா?

4. கடன் ஏறுதா, இறங்குதா? டிவிடெண்ட் கொடுக்கும் அதே வருஷத்துல கடன் துள்ளிக் குதிச்சா மஞ்சள் விளக்கு.

5. யீல்டு ஏன் இவ்வளவு? விலை சரிஞ்சதாலயா? சிறப்பு டிவிடெண்ட் கலந்திருக்கா?

6. நிறுவனத்தின் டிவிடெண்ட் கொள்கையைப் படிச்சீங்களா? சந்தை மதிப்புல முதல் 1000 இடத்துல இருக்கும் நிறுவனங்கள் அதை வெளியிடணும்னு செபி விதி இருக்கு. பெரும்பாலும் ரெண்டு, மூணு பக்கம்தான்.

இந்த ஆறுக்கும் பதில் தேட ஒரு நிறுவனத்துக்கு ரெண்டு மணி நேரம் போதும். ஒரு யூனிட் படிக்கும் நேரத்தைவிடக் குறைவு. டெலிகிராம்ல டிப்ஸ் கொடுப்பவர்கிட்ட இதுல மூணாவது கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்க. பதில் வருதா, இல்லை உங்களைக் குரூப்ல இருந்து தூக்குறாங்களான்னு தெரிஞ்சுடும். யார் பேச்சைக் கேட்டாலும் அவர் செபியில பதிவு செஞ்சவரான்னு செபி தளத்துலயே சரிபார்க்கலாம்.

பணமே போடாமலும் இதைத் தொடங்கலாம். உங்களுக்குத் தெரிஞ்ச மூணு நிறுவனத்தை எடுங்க: நீங்க போடுற சோப்பு, ஓட்டுற வண்டி, பிளேஸ்மென்ட்டுக்கு வந்த கம்பெனி. நோட்டுல ஆறு பத்தி போட்டு, மூணுக்கும் பதில் எழுதுங்க. அடுத்த செமஸ்டர் முடிவுல திரும்ப எடுத்துப் பார்த்து, எது மாறியிருக்குன்னு குறிச்சுக்கோங்க. அதுக்கப்புறம் முதல் பங்கை வாங்கினா, ‘ஏன் வாங்கினே?’ன்னு வீட்ல கேட்டா சொல்ல உங்ககிட்ட ஒரு பதில் இருக்கும்.